எண்ணின் வாய்மை

நுழையும்முன்

வங்கிகளின் கணினிகள் நாள்தோறும் கோடிக்கணக்கான பதிவுகளை உண்டாக்குகின்றன. அவற்றைத் திரட்டி, சரிபார்த்து, ஒரு பக்கத்தில் உண்மையைச் சொல்வதற்கென்றே இன்று ஒரு பணி உருவாகியுள்ளது. அப்பணியின் இயல்பையும் அதற்கு வேண்டிய நெஞ்சுரத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒரு வரிச் செய்தி

சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில் அமைந்துள்ள மேச்சேரி எனது ஊர். மேச்சேரி என்றவுடன் பலருக்கும் பத்ரகாளியம்மன் கோவிலும், ஊரின் பெயராலேயே வழங்கும் செம்மறியாட்டு இனமும் நினைவுக்கு வரும். எங்கள் பகுதி மக்களுக்கு இவற்றோடு நாள்தோறும் நெருங்கிய உறவுடைய இன்னொன்றும் உண்டு. அது நாளிதழில் வெளிவரும் ஒரு வரிச் செய்தி: ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி.’

1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைச் சாகுபடிக்காக ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது மரபு. அந்த நாள் நெருங்கும்போது, தஞ்சையிலும் திருவாரூரிலும் நாகையிலும் உள்ள உழவர்கள் அந்த ஒரு வரியையே எதிர்நோக்கியிருப்பார்கள். நாற்றங்கால் அமைப்பதா, காத்திருப்பதா, கடன் வாங்குவதா என்பனவெல்லாம் அந்த எண்ணைப் பார்த்தே முடிவாகும். அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்த்துக் குறித்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. அவர் கண்டதைக் கண்டவாறே எழுதியிருப்பார் என்னும் நம்பிக்கை ஒன்றே போதுமானது. யாரையோ மகிழ்விப்பதற்காக ஓர் அடி கூட்டி எழுதினால் அணையில் நீர் கூடிவிடாது. எங்கோ ஓர் உழவரின் முடிவுதான் பிழையாகிப் போகும்.

நீரை அளந்து சொல்வதைப் போலவே வங்கிகளின் தொழில்நுட்பத்தை அளந்து சொல்லும் பணியும் உள்ளது. அதன் பெயர் ‘முதுநிலைத் தொழில்நுட்ப அறிக்கை ஆய்வாளர்’ என்பதாகும். என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்ப் புள்ளியியலில் பட்டம் பெற்ற மாணவி ஒருவர் சென்னையில் ஒரு வங்கியில் அப்பணியில் இருக்கிறார். மாசித் திருவிழாவிற்கு ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவார். அவர் வழியாகவே அப்பணியைப் பற்றி நான் அறிந்துகொண்டேன்.

பேரேட்டிலிருந்து கணினிக்கு

என் இளமைக்காலத்தில் வங்கி என்றால் தடித்த பேரேடுகளே நினைவுக்கு வரும். எழுத்தர் ஒவ்வொரு வரவையும் செலவையும் கையால் எழுதுவார். மாலையில் கூட்டுத்தொகை பொருந்தும்வரை யாரும் வீட்டிற்குச் செல்வதில்லை. 1984ஆம் ஆண்டில், இந்திய ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த தமிழர் சி. ரங்கராசன் தலைமையிலான குழு, வங்கிப் பணிகளில் இயந்திரங்களைப் பயன்படுத்துவது குறித்து அறிக்கை அளித்தது. 1989ஆம் ஆண்டில் அவர் தலைமையிலேயே அமைந்த மற்றொரு குழு, கணினிமயமாக்கலை மேலும் விரிவுபடுத்தப் பரிந்துரைத்தது. அதன்பின் பேரேடுகள் மெல்ல மறைந்தன. 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறை வந்தது. இன்று எங்கள் வாரச்சந்தையில் கீரை விற்பவரும் திறன்பேசி வழியாகப் பணம் பெறுகிறார்.

பேரேட்டில் ஒரு பிழை நேர்ந்தால் அதனை எழுதிய கை அங்கேயே இருந்தது; கேட்டால் விடை கிடைத்தது. கணினியில் நிகழும் பிழைக்கு அத்தகைய கை ஏதும் இல்லை. பணம் ஏன் செல்லவில்லை என்று வினவினால் ‘சர்வர் பிரச்சினை’ என்னும் இரண்டு சொற்களே விடையாகக் கிடைக்கின்றன. அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் நடந்தது என்ன, எத்தனை பேருக்கு நடந்தது, எவ்வளவு நேரம் நடந்தது, மீண்டும் நடக்குமா என்பவற்றைக் கண்டறிந்து, முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர்களுக்குத் தெரிவிப்பதே அறிக்கை ஆய்வாளரின் கடமையாகும்.

அறிக்கை உருவாகும் விதம்

“ஐயா, வங்கி என்பது ஒரே கணினி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பல கணினிகள் வாழும் ஒரு கூட்டுக்குடும்பம். ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கு எழுதும், ஒன்று எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது” என்றார் என் மாணவி.

கணக்குகளைப் பராமரிக்க ஒன்று, அட்டைகளுக்கு ஒன்று, திறன்பேசிச் செயலிக்கு ஒன்று, ஊர்ப்புறங்களில் பணம் வழங்கும் முகவர்களின் கருவிகளுக்கு ஒன்று எனப் பல அமைப்புகள் உள்ளன. ஒரே பணப்பரிமாற்றம் மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பதிவாகலாம். மூன்றையும் தனித்தனியாக எண்ணிவிட்டால் ஒன்று மூன்றாகிவிடும். நேரத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஓர் அமைப்பு இந்திய நேரத்தைக் குறிக்க, மற்றொன்று உலகப் பொதுநேரத்தைக் குறிக்கக்கூடும். இரண்டிற்கும் இடையே 5 மணி 30 நிமிட வேறுபாடு உள்ளது. மாதத்தின் முதல் நாள் விடியற்காலையில் நிகழ்ந்த ஒரு தடை, இதனை அறியாதவர் எழுதும் அறிக்கையில் முந்தைய மாதத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே, ஆய்வாளர் முதலில் பதிவுகளைத் திரட்டுகிறார். எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழி அதற்குத் துணைபுரிகிறது. பிறகு இரட்டைப் பதிவுகளை நீக்கி, நேரங்களை ஒன்றாக்கி, விடுபட்டவற்றைத் தேடிச் சேர்க்கிறார். அடுத்து, முந்தைய மாதங்களோடு ஒப்பிடுகிறார். இறுதியாக, ஓர் அட்டவணையும் சில வரிகளும் எழுதுகிறார். ‘முதுநிலை’ என்னும் அடைமொழிக்கு இங்கேதான் பொருள் உள்ளது. அறிக்கையில் உள்ள எந்த எண்ணைச் சுட்டி ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று எவர் கேட்டாலும், அந்த எண்ணுக்கு ஆதாரமான மூலப்பதிவுவரை அழைத்துச்சென்று காட்டும் பொறுப்பு முதுநிலை ஆய்வாளருக்கு உரியது.

இந்தப் பொறுப்பு தவறினால் என்னாகும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் சான்று உண்டு. 2012ஆம் ஆண்டில் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி, இலண்டனில் இருந்த தன் பிரிவு ஒன்றின் முதலீடுகளால் 600 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. இழப்பிற்குக் காரணங்கள் பல. அவ்வங்கியே அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை, இடரை அளக்கப் பயன்பட்ட விரிதாளில் இருந்த ஒரு பிழையையும் சுட்டிக்காட்டியது. சராசரியால் வகுக்க வேண்டிய ஓரிடத்தில் அந்த விரிதாள் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தது. அதனால், இருந்த இடரைக் காட்டிலும் குறைவான இடரே கண்ணுக்குத் தெரிந்தது.

சராசரியின் நிழலில்

பிழையாகக் கணக்கிட்டால்தான் எண் நம்மை ஏமாற்றும் என்பதில்லை. சரியாகக் கணக்கிட்ட எண்ணும் ஏமாற்றக்கூடும். என் மாணவி என் மேசையிலிருந்த தாளில் அதனை எழுதிக் காட்டினார்.

30 நாள்கள் கொண்ட ஒரு மாதத்தில் 720 மணி நேரம் உள்ளது. ஒரு வங்கியின் சேவை அம்மாதத்தில் 3 மணி நேரம் தடைபட்டது என்று கொள்வோம். அந்த மாதம் சேவை கிடைத்த அளவு 99.58 விழுக்காடு. தேர்வில் இத்தகைய மதிப்பெண் பெற்றால் ஊரே பாராட்டும். ஆனால், அந்த 3 மணி நேரம் எப்போது வந்தது? ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு ஒரு மணிமுதல் நான்கு மணிவரை தடைபட்டிருந்தால் மிகச் சிலரே உணர்ந்திருப்பர். முதியோர் உதவித்தொகை வந்து சேர்ந்த நாளில், காலை ஒன்பது மணிமுதல் நண்பகல்வரை தடைபட்டிருந்தால்? வெயிலில் நடந்துவந்த முதியவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பர். இரண்டு நிலைகளிலும் அறிக்கையில் இடம்பெறும் எண் ஒன்றுதான்: 99.58.

“இந்த எண்ணை மட்டும் அனுப்பினால் நான் பொய் சொன்னதாக யாரும் கூற முடியாது, ஐயா. ஆனால், உண்மையையும் சொன்னதாகாது” என்றார் அவர். அதனால், விழுக்காட்டிற்குக் கீழே தடை நேர்ந்த நாளையும் நேரத்தையும் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையையும் எழுதுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

தேய்ந்த விரல்கள்

என் மாணவியின் மனவுறுதியைச் சோதித்த நிகழ்வு ஒன்றும் உண்டு. அதனைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை அறிதல் வேண்டும். நிறைவேறாத பணப்பரிமாற்றங்களை வங்கிகள் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கின்றன. வங்கியின் கணினியோ இணைப்போ செயல்படாமையால் நேர்வது தொழில்நுட்பக் காரணம். கணக்கில் போதிய பணமின்மை, கடவு எண்ணைத் தவறாக இடுதல் முதலியவற்றால் நேர்வது பயனர் காரணம். யு.பி.ஐ. பரிமாற்றங்களைப் பொறுத்தவரை, இந்தியத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் இவ்விரு வகை விழுக்காடுகளையும் வங்கிவாரியாக மாதந்தோறும் வெளியிடுகிறது. முதல் வகை கூடினால் வங்கிக்குத் தலைக்குனிவு. இரண்டாம் வகை கூடினால் வங்கியை யாரும் குறைகூறுவதில்லை.

ஊர்ப்புறங்களில் வங்கி முகவர்கள் கைரேகைக் கருவியோடு வந்து, ஆதார் வழியாக அடையாளம் கண்டு பணம் வழங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைரேகை பொருந்தாவிட்டால் பணம் கிடைக்காது. என் மாணவி பணியாற்றிய வங்கியில் அத்தகைய தோல்விகள் பயனர் காரணம் என்னும் பத்தியிலேயே வைக்கப்பட்டு வந்தன. ஒருமுறை அவர் அந்தப் பத்தியை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார். முதியவர்களிடம் கைரேகைத் தோல்வி பன்மடங்காக இருந்தது. அதற்கான காரணத்தை அவர் எந்த நூலிலும் தேட வேண்டியிருக்கவில்லை. அவருடைய பாட்டி மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்ப்பவர். கயிறு திரித்து, தழை ஒடித்து, களை பறித்துத் தேய்ந்த விரல்கள் அவருடையவை. அந்த விரல்களைக் கருவி ஏற்பதில்லை. மூன்று முறை துடைத்து வைத்தும் ‘பொருந்தவில்லை’ என்று வந்தால், “என் கைதான் சரியில்லை” என்று அவர் தம்மையே நொந்துகொண்டு திரும்புவார்.

உழைத்துத் தேய்ந்த விரல் எப்படிப் பயனரின் பிழையாகும்? என் மாணவி அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தார்: ‘கருவி ஏற்காத கைரேகை’. கருவிழியாலும் முகத்தாலும் அடையாளம் காணும் வழிகள் ஆதார் முறையில் இருப்பதையும் அடியில் ஒரு வரியில் குறிப்பிட்டார்.

பிரிவின் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. “இதுவரை இரண்டு பத்திகள்தாமே இருந்தன? மூன்றாவது பத்தியைக் கண்டால் மேலிடம் கேள்வி கேட்கும். பழையபடியே அனுப்பிவிடுங்கள்” என்றார். அவர் தீயவர் அல்லர். கேள்விகளைத் தவிர்த்து நாளைக் கடத்த விரும்பிய ஒரு மனிதர். பழையபடி அனுப்பியிருந்தாலும் எந்த எண்ணும் பொய்யாகியிருக்காது. யாரும் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அன்று மாலை என் மாணவி மூன்று பத்திகளோடுதான் அறிக்கையை அனுப்பினார். பிரித்ததற்கான காரணத்தைத் தம் பொறுப்பில் எழுதிக் கையொப்பமும் இட்டார்.

அதன் விலையை அவர் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் பணி மதிப்பீட்டில் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதப்பட்டது. ஊதிய உயர்வும் குறைந்தது. சில மாதங்கள் கழித்து ஒருசில பகுதிகளின் முகவர்களுக்கு வேறு வகைக் கருவிகள் வந்தன. “அது என் அறிக்கையால் வந்ததா?” என்று கேட்டால், “தெரியாது, ஐயா” என்றே அவர் சொல்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்தப் பழக்கத்திற்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தெரிந்து தெளிவோம்

தானியக்கப் பண இயந்திரத்தில் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டு, கையில் பணம் வராமல் போனால், பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து 5 நாள்களுக்குள் வங்கி அத்தொகையைத் தானாகவே திரும்ப வரவு வைக்க வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை இதனை நெறிப்படுத்தியது.

கணக்குக் காட்டும் அறம்

கணக்கைக் காட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரக்கூடாது என்பது அவற்றில் காணப்படும் விதிகளுள் ஒன்று. ஊர்ப்பொதுவைக் கையாள்பவர் கணக்கை ஒப்படைப்பதைத் தகுதியாகவே நம் முன்னோர் வகுத்திருந்தனர்.

எங்கள் பகுதிச் சந்தைகளில் கால்நடை விற்கும்போது, தரகர்கள் கைகளைத் துண்டால் மூடி, விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் இருந்தது. விலை பேசும்போது மறைவு வேண்டியிருந்தது. விலை முடிந்தபின் பணத்தை எல்லாரும் காணும்படி எண்ணித்தான் கொடுத்தார்கள். பேரத்திற்கு மறைவு பொருந்தும். கணக்கிற்குப் பொருந்தாது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்திருந்தார்கள்.

கணக்கு மறைந்திருந்தால் விளையும் துன்பத்தைச் சென்னை நகரம் 1906ஆம் ஆண்டில் கண்டது. பெரும் புகழோடு விளங்கிய அர்பத்நாட் நிறுவனம் அவ்வாண்டு அக்டோபரில் நொடித்துப்போனது. அதன் உண்மை நிலையை அறியாமல் பணத்தைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். அந்த அதிர்ச்சியின் பின்னணியில், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றியது.

ஒரு நூற்றாண்டிற்குப் பிறகு, 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தபோது, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதைப் பெரிய வங்கிகளால்கூட விரைந்து கூற இயலவில்லை. கணினிகள் இருந்தன, பதிவுகளும் இருந்தன. அவற்றைத் திரட்டி உரிய நேரத்தில் சொல்லும் ஏற்பாடுதான் போதவில்லை. இப்படிப்பினையால், வங்கிகளின் மேற்பார்வைக்கான பேசல் குழு 2013 ஜனவரியில் 14 நெறிகளை வெளியிட்டது. இடர் குறித்த தரவு பிழையின்றி இருத்தல், முழுமையாக இருத்தல், காலத்தோடு கிடைத்தல், அறிக்கை தெளிவாக இருத்தல் ஆகியவை அவற்றின் உயிர்ப்பகுதிகள்.

நம் நாட்டிலும் இக்கண்காணிப்பு வலுப்பெற்றுள்ளது. அடுத்தடுத்து நேர்ந்த சேவைத் தடைகளைத் தொடர்ந்து, 2020 டிசம்பரில் எச்.டி.எப்.சி. வங்கி புதிய மின்னணுச் சேவைகளைத் தொடங்குவதையும் புதிய கடனட்டை வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையும் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. குறைகள் களையப்பட்டபின் 2022 மார்ச்சில் அத்தடை முழுமையாக நீங்கியது. சேவை தடைபட்ட நிமிடங்களின் கணக்கு, ஒரு பெரிய வங்கியின் வளர்ச்சியையே நிறுத்திவைக்கும் ஆற்றல் உடையதாகிவிட்டது. எனவேதான் அக்கணக்கை எழுதும் கை நடுங்காமல் இருக்க வேண்டியுள்ளது.

மொழியும் எண்ணும்

“இப்பணிக்குப் பள்ளியில் கற்ற எந்தப் பாடம் மிகவும் உதவியது?” என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். கணக்கு என்பார் என எதிர்பார்த்தேன். “கணக்கு இல்லாமல் இப்பணிக்குள் நுழைய முடியாது, ஐயா. ஆனால், நாள்தோறும் கைகொடுப்பது நீங்கள் நடத்திய ‘சுருக்கி வரைதல்’ பயிற்சிதான்” என்றார். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். கருத்து ஒன்றும் விடுபடக்கூடாது. இல்லாத கருத்தைச் சேர்க்கவும் கூடாது. ஐந்து மதிப்பெண்ணுக்காக நாம் செய்யும் அப்பயிற்சியையே, இலட்சக்கணக்கான பதிவுகளை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு மாதமும் செய்கிறார்.

அறிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் அவர் நிறுத்துப் பார்க்கிறார். ‘சிறிய தடை’ என்று எழுதுவதா, ‘3 மணி நேரத் தடை’ என்று எழுதுவதா? ‘சரிசெய்யப்பட்டு வருகிறது’ என்பதா, ‘இன்னும் சரிசெய்யப்படவில்லை’ என்பதா? முதலாவது சொற்கள் படிப்பவரை அமைதிப்படுத்தும். இரண்டாவது சொற்கள் அவரைச் செயல்பட வைக்கும். மொழியின் நுட்பம் அறிந்தவருக்கே இவ்வேறுபாடு புலப்படும். எண்ணையும் எழுத்தையும் கண்ணென இணைத்துச் சொன்ன நம் மரபில், இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்று எவரும் சொல்லவில்லை.

மாலையில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது அவருடைய பாட்டி அவற்றை இரண்டிரண்டாக எண்ணுவாராம். ஒன்று குறைந்தால் எவ்வளவு இருட்டியிருந்தாலும் குறைந்தது என்றே சொல்வாராம். “எண்ணிக்கையை நிரப்பிச் சொன்னால் ஆடு வந்துவிடுமா? குறைகிறது என்று சொன்னால்தானே தேடப் போவார்கள்?” என்பது அவர் பேத்திக்குச் சொன்னது. பேசல் குழுவின் 14 நெறிகளைப் பிற்காலத்தில் படித்தபோது தமக்கு அவை புதியனவாகத் தோன்றவில்லை என்று என் மாணவி கூறினார்.

மாணவர்களே, உங்களுள் சிலர் வங்கிகளுக்குச் செல்லக்கூடும். சிலர் மருத்துவமனைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் வேளாண் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரியக்கூடும். எங்குச் சென்றாலும், ஒரு படிவத்தின் கட்டத்தில் ஓர் எண்ணை நிரப்பும் நாள் உங்களுக்கு வரும். சற்றுக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் அன்றைய பொழுது இனிதே கழியும் என்னும் நிலையும் வரும். அக்கட்டத்தை நம்பி எங்கோ ஒருவர் தம் அடுத்த அடியை எடுத்துவைக்கக் காத்திருக்கிறார். அவர் உங்கள் பெயரை ஒருபோதும் அறியமாட்டார். அவருக்காகக் கண்டதைக் கண்டவாறு எழுதுக.